பியானோ யார்ட வீட்டுச் சாமான்?

விடுதி அறையில் ஒரு போன். அதைச் சாய்த்துவைக்க ஒரு தண்ணிப் போத்தல். சுற்றி நாங்கள் ஐந்து பேர். அடுத்த நாள் அசைன்மென்ட் கொடுக்க வேணும், ஒருத்தரும் தொடங்கவில்லை. திரையில் இட்ஸாக் பேர்ல்மன் வயலின் வாசிக்கிறார். உயிரோடு இருக்கிற வயலின்காரர்களில் அவர் அளவுக்குப் பேர் எடுத்தவர்கள் மிகக் குறைவு. பக்கத்தில் பெரிய கறுப்புப் பியானோ. அதில் இருக்கிறவரைப் பார்த்து எங்களில் ஒருத்தன் சொன்னான்: "மச்சான், அந்தாள் நம்மட நாட்டாள்."

நாங்கள் நம்பவில்லை. தேடிப் பார்த்தோம். உண்மைதான். ரொஹான் டி சில்வா, இலங்கையர். பேர்ல்மன் உலகம் சுற்றுகிறபோது கூடவே போய் வாசிக்கிறவர். நியூயோர்க்கின் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் 1991இலிருந்து ஆசிரியர்.

"சரி, கொழும்பு ஆக்களுக்கு அது சரிவரும். நமக்கெதுக்கு?" என்றான் இன்னொருத்தன். எல்லாரும் சிரித்தோம். போனை எடுத்துவிட்டு அசைன்மென்டுக்குப் போனோம்.

பிறகுதான் அந்தச் சிரிப்பு எங்களுக்கே உறுத்தியது. "நமக்கெதுக்கு" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று சாட்டு ஒளிந்திருக்கிறது. ஒன்று, அது பிறவித் திறமை, அவனுக்கு இருந்தது, நமக்கில்லை. இரண்டு, அது பணக்காரர்ட சாமான். மூன்று, அது மார்க்கத்துக்கு ஆகாது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்த மூன்றையும் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். இந்த மூன்றோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

திறமைக் கதையிலிருந்து தொடங்குவோம். ரொஹான் டி சில்வாவின் வாழ்க்கையைத் திறமை என்ற சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். முதலில் ஒரு தாய் வருகிறார். பிரிம்ரோஸ் டி சில்வா, மகனுக்கு முதல் முதலில் பியானோ சொல்லிக் கொடுத்தவர். பிறகு மேரி பிலிமோரியா என்ற ஆசிரியை. அதன் பிறகு லண்டன் றோயல் அகடமி ஒஃப் மியூசிக்கில் ஆறு வருஷம். தனிப் பியானோ வாசிப்புக்கு ஹமிஷ் மில்ன், மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பதற்கு சிட்னி கிரில்லர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆசிரியர். படிப்பு முடிகிறபோது அந்தக் கல்லூரியின் சப்பல் தங்கப் பதக்கம் கிடைக்கிறது.

அடுத்த படிதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. லண்டனிலிருந்து ஜூலியார்ட்டுக்குப் போக அவருக்கு வழி திறந்தது இலங்கை ஜனாதிபதி நிதியம். கலைக்கென்று அந்த நிதியம் கொடுத்த விசேட புலமைப்பரிசிலை முதல் முதலில் பெற்றவர் அவர்தான். அதை வைத்துக்கொண்டு ஜூலியார்ட்டில் இளமாணியும் முதுமாணியும் முடித்தார். 1990இல் மொஸ்கோவில் நடந்த ஒன்பதாவது சர்வதேச சைக்கோவ்ஸ்கி போட்டியில் மிகச் சிறந்த பக்கவாசிப்பாளருக்கான விசேட பரிசு. அடுத்த வருஷமே ஜூலியார்ட்டில் ஆசிரியர். 2001இலிருந்து ஜப்பானின் இஷிகாவா இசை அகடமியிலும் படிப்பிக்கிறார். 2005இல் கார்னகி ஹோலில் அவருக்கு ஒரு விருது கிடைத்தது, அதைக் கையில் கொடுத்தவர் பேர்ல்மன். 2007இல் எலிசபெத் மகாராணிக்கு வெள்ளை மாளிகையில் கொடுத்த விருந்தில் இரண்டு பேரும் வாசித்தார்கள். பிறகு தான் படித்த றோயல் அகடமியே அவரைக் கௌரவித்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு உம்மா, ஒரு ஊர் ஆசிரியை, இரண்டு கல்லூரி, நடுவில் நாட்டின் பொதுக்காசு. இவ்வளவும் ஏணிப் படி. அதில் ஏறியவர் கடுமையாக உழைத்தார், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படி இருந்தது. படி இல்லாத இடத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து "உனக்குத் திறமை இல்லை" என்று சொல்வது அநியாயம். கிணறே வெட்டாத வளவில் நின்றுகொண்டு தண்ணி இல்லை என்று சொல்வது மாதிரித்தான் அது.

எங்கட கரையில் என்ன நடக்கிறது? பாடசாலையில் ஆறாம் தரத்திலிருந்து எல்லாப் பிள்ளையும் அழகியல் பாடம் ஒன்று எடுக்கவே வேணும். பாடத்திட்டத்தில் சித்திரம் இருக்கிறது, நடனம் இருக்கிறது, நாடகம் இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது. சங்கீதத்திலேயே கீழைத்தேயம், கர்நாடகம், மேலைத்தேயம் என்று மூன்று வகை. ஓ.எல். வருகிறபோது அரபு இலக்கிய நயமும் சேர்கிறது. கடதாசியில் நல்ல பெரிய கடைதான். ஆனால் இந்தக் கட்டுரையை எழுதுகிற நாங்கள் எல்லாரும் படித்த பாடசாலைகளைக் கூட்டிப் பார்த்தோம். ஒன்றில்கூட சங்கீத ஆசிரியர் இருந்ததில்லை. சித்திரம் எடுத்தோம், இல்லாவிட்டால் அரபு இலக்கியம் எடுத்தோம். எங்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. எந்த ரீச்சர் இருக்கிறாரோ அந்தப் பாடம்.

பியானோவில் வயசு முக்கியம். விரலுக்கு ஒரு காலம் இருக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு வயசில் தொடங்குகிறவர்களின் இரண்டு கையும் இரண்டு வேறு வேலையை ஒரே நேரத்தில் செய்யப் பழகிவிடும். பதினெட்டில் தொடங்கலாம், சந்தோசமாக வாசிக்கலாம், அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மேடைக் கலைஞர் ஆவது பெரும்பாலும் அந்தச் சின்ன வயசில் தீர்மானமாகிற விசயம். ஆக, கெம்பஸுக்கு வந்த பிறகு எங்களுக்கு வருகிற ஞானம் எங்களுக்கு உதவாது. எங்கட தம்பி தங்கச்சிமாருக்கு மட்டும்தான் உதவும்.

எங்களில் ஒருத்தியின் கதை இது. அவளுடைய வாப்பா கட்டாரில் டிரைவர். லீவில் வந்தபோது ஒரு கேசியோ கீபோட் கொண்டு வந்தார். அவளுக்கு அப்போது ஏழு வயசு. சொல்லிக் கொடுக்க ஆளில்லை, அவளாகத் தட்டித் தட்டிப் பாட்டெடுத்தாள். வீட்டில் எல்லாரும் சுற்றியிருந்து ரசித்தார்கள். பன்னிரண்டு வயசானதும் ஒரு சொந்தக்காரர் வந்து சொன்னார், "பெரிய புள்ள ஆகிட்டா, இன்னும் என்ன இது?" அன்றைக்கு அலுமாரிக்கு மேலே ஏறிய கீபோட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சொன்னவர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை மறக்காமல் எங்களுக்கு மிட்டாய் வாங்கித் தருகிற மனுசன். அதனால்தான் இது இன்னும் கஷ்டமான சண்டை.

இனி மார்க்கம். நாங்கள் மௌலவிமார் இல்லை, பத்வா சொல்ல வரவும் இல்லை. இசை பற்றி அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருந்தது, இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி தன் 'இஹ்யா'வில் இசை கேட்பதைப் பற்றித் தனிப் பாகமே எழுதினார். நிபந்தனைகளோடு இடம் கொடுத்தவர், சில கம்பி வாத்தியங்களைத் தடுத்தும் இருக்கிறார். பியானோவுக்குள் இருப்பதும் கம்பிதான், ஆகவே அவரை எங்கட பக்கத்துச் சாட்சியாக இழுத்துக்கொண்டு வர மாட்டோம். ஆனால் பத்தாம் நூற்றாண்டில் அல்-பாராபி இசைக்கென்று ஒரு பெரிய நூலே எழுதினார் என்பதும் அதே வரலாறுதான். மனதார இசையை விலக்கி வாழ்கிறவர் எங்கட மரியாதைக்குரியவர். அவர் வீட்டில் ரீவிப் பாட்டும் இல்லை, போனில் ரிங்டோனும் இல்லை. அவரோடு எங்களுக்கு வழக்கே இல்லை.

எங்கட வழக்கு மற்றவர்களோடு. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் அதிரும், அது பரவாயில்லை. ஓட்டோவில் சினிமாப் பாட்டு ஓடும், அது பரவாயில்லை. எலக்சன் வந்தால் கட்சிப் பாட்டு சந்திக்குச் சந்தி கத்தும். அதில் கீபோட் இருக்கிறது, ட்ரம்ஸ் இருக்கிறது, எங்கட தலைவர்மார் அந்தப் பாட்டுக்கு நடுவே மேடை ஏறிக் கை அசைப்பார்கள். அப்போதெல்லாம் யாருக்கும் மார்க்கம் ஞாபகம் வராது. ஒரு பிள்ளை, அதுவும் ஒரு பொம்பிளைப் பிள்ளை, "நான் இதைப் படிக்கப் போறன்" என்று சொல்லுகிற நிமிசத்தில் மட்டும் ஞாபகம் வரும். கேட்கிறது ஆகுமாம், படிக்கிறதுதான் ஆகாதாம். அடுத்தவன் செய்த இசையைக் காசு கொடுத்து வாங்கலாம், எங்கட பிள்ளை செய்யக் கூடாது. இதை மார்க்கப் பற்று என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சும்மா வாங்கித் தின்கிற பழக்கம் இது.

இசை எங்களுக்கு அந்நியம் என்பதும் பொய். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், பாவாமார் றபான் தட்டிப் பாடுகிறபோது அந்தத் தாளம் நெஞ்சுக்குள் எப்படி இறங்கும் என்று. எங்கட உம்மம்மாமாருக்குக் கவி தெரியும். வயலுக்குப் போன புருசனுக்கு, தொட்டில் பிள்ளைக்கு, விட்டுப் போன மச்சானுக்கு என்று கவி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் சந்தம் பிசகாமல் பாடினார்கள். அந்த உம்மம்மாவின் பேத்திக்கு ஸ்வரம் என்றால் என்ன என்று தெரியாது. இது முன்னேற்றமா?

சாய்ந்தமருதிலிருந்து தெற்கே நடந்தால் கால் வலிக்கிறதுக்குள் காரைதீவு வந்துவிடும். 1892இல் அங்கே பிறந்தவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானம் படித்துப் படிப்பித்தவர். பழைய தமிழ் நூல்களில் பேர் மட்டும் மிஞ்சியிருந்த யாழை எடுத்து, அதன் சுருதிகளைக் கணக்குப் போட்டு, வருசக்கணக்காக உழைத்து 1947இல் 'யாழ் நூல்' கொண்டு வந்தார். கம்பியின் நீளத்துக்கும் அது எழுப்புகிற ஒலிக்கும் என்ன உறவு என்ற கேள்வியை இந்தக் கரையில் பிறந்த ஒரு மனுசன் உயிரைக் கொடுத்துத் துரத்தியிருக்கிறார். நாங்கள் பக்கத்து ஊர். அவருடைய சிலையைத் தாண்டி பஸ்ஸில் போகிறோம், வருகிறோம்.

பியானோவும் அதே கேள்வியிலிருந்து வந்த பெட்டிதான். 1700 அளவில் இத்தாலியின் புளோரன்ஸில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்ற வாத்தியம் செய்கிறவர் உருவாக்கினார். 88 கட்டை. ஒரு கட்டையை அமர்த்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் எழும்பிக் கம்பியில் அடித்துவிட்டு உடனே விலகும். மெல்ல அமர்த்தினால் மெல்லிய சத்தம், அழுத்தி அமர்த்தினால் பெரிய சத்தம். உள்ளே 200க்கும் மேற்பட்ட கம்பி. தச்சு வேலை, இரும்பு வேலை, கணக்கு, பௌதிகம் எல்லாம் சேர்ந்த ஒரு யந்திரம் அது. பௌதிகத்தையும் கணக்கையும் "நமக்கெதுக்கு" என்று யாரும் கேட்பதில்லை. டியூசனுக்கு வரிசையில் நிற்கிறோம்.

ரொஹான் டி சில்வாவின் வாழ்க்கையில் எங்களைத் தொட்ட இன்னொன்று, அவருடைய இடம். பக்கவாசிப்பாளர் என்றால் எங்கட ஊர்க் காதுக்கு இரண்டாம் ஆள். ஏ.எல். றிசல்ட்ஸ் வருகிறபோது மாவட்டத்தில் முதலாவது வந்தவருக்கு பெனர் கட்டுகிற ஊர் இது. ஆனால் பேத்தோவன் எழுதிய வயலின் சொனாட்டாக்களை எடுத்தால், அவற்றை அவர் பதிப்பித்தபோது பியானோவின் பேரைத்தான் முதலில் போட்டார், வயலின் அடுத்தது. இரண்டு பேரும் சமமாகப் பேசுகிற பேச்சு அது. பியானோக்காரர் தன் பகுதியை மட்டும் தெரிந்தால் போதாது, வயலின்காரரின் மூச்சும் தெரிய வேணும். அவர் எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார் என்று ஒரு கணம் முந்தியே கேட்க வேணும். ஜூலியார்ட்டில் அவர் படிப்பிக்கிறதும் இந்தச் சேர்ந்து வாசிக்கிற கலையைத்தான். டொக்டர், இஞ்சினியர் இல்லாவிட்டால் பூச்சியம் என்று பிள்ளைகளை நிறுக்கிற ஊருக்கு, அடுத்தவனைக் கேட்பதே ஒரு தொழில், அதிலேயே உலக உச்சிக்குப் போகலாம் என்று யாராவது சொல்லத்தான் வேணும்.

"அவங்க கிறிஸ்தவங்க, கொழும்பு, இங்கிலீஸ்" என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு ஒரு முஸ்லிம் நாட்டுக் கதை. 1948இல் துருக்கிப் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டம் போட்டது. எதற்கு? இரண்டு பெண் பிள்ளைகளை அரசாங்கச் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பி இசை படிப்பிக்க. ஒருத்தி வயலின் வாசித்த சுனா கான். மற்றவள் பியானோ வாசித்த இதில் பிரெத், அப்போது ஏழு வயசுகூட முடியவில்லை. பாரிஸ் போனாள், பதினைந்து வயசில் முதல் பரிசுகளோடு அங்கே படிப்பை முடித்தாள். இன்றைக்கு உலகம் அறிந்த பியானோ கலைஞர் அவர். துருக்கி அரசு தன் நவீன முகத்தைக் காட்டத்தான் அதைச் செய்தது என்று சொல்லலாம், அதில் உண்மையும் இருக்கிறது. இருக்கட்டும். ஒரு பாராளுமன்றம் உட்கார்ந்து இரண்டு சின்னப் பிள்ளைகளின் விரலைப் பற்றி யோசித்திருக்கிறது. எங்கட எம்.பி.மாரில் யாராவது ஒரு பிள்ளையின் விரலைப் பற்றி யோசித்ததை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

இன்னும் கிட்டத்தில் வருவோம். பலஸ்தீனுக்காக நாங்கள் ஊர்வலம் போனோம், துஆக் கேட்டோம், இனியும் கேட்போம். அந்தப் பலஸ்தீனில் ஒரு தேசிய இசைக் கல்லூரி இருக்கிறது. எட்வர்ட் சயீதின் பெயரைத் தாங்கியது. சயீதும் நல்ல பியானோ வாசிப்பாளர். காஸாவில் இருந்த பெரிய கச்சேரிப் பியானோ 2014 யுத்தத்தில் அரங்கம் சேதமானபோதும் தப்பியது, அடுத்த வருசம் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் போய் அதைத் திருத்திக் கொடுத்தார். குண்டுக்கு நடுவில் அந்த மக்கள் அதைத் திருத்த நினைத்தார்கள். தங்களுக்கு எதுக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. உயிர் மட்டும் இருந்தால் போதும் என்று ஒரு சமூகத்தைப் பார்த்துச் சொல்வது அதை அடக்குகிறவனின் பேச்சு என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்களிடம் ஒரு நியாயமான கேள்வி வரும். மழை பெய்தால் ரோட்டுக்கு மேலால் தண்ணி ஓடுகிற ஊரில், கடல் வளவைத் தின்கிற ஒலுவிலில், கணக்குப் படிப்பிக்கவே ஆசிரியர் காணாத பாடசாலையில் பியானோவா கேட்கிறீர்கள்? எங்களுக்கும் வலிக்கிற கேள்விதான். பதில் இது. வடிகாலும் வேணும், கணக்கு ரீச்சரும் வேணும். ஆனால் இசையை நிறுத்தி மிச்சம் பிடித்த காசில் இந்த ஊரில் ஒரு வடிகாலும் கட்டப்படவில்லை. ஏழைப் பிள்ளைக்குச் சோறும் கணக்கும் போதும், மிச்சமெல்லாம் வசதியுள்ள பிள்ளைக்கு என்று பிரிப்பதைத்தான் நாங்கள் ஏற்க மாட்டோம்.

நாங்கள் பெரிய மண்டபம் கேட்கவில்லை. கம்பிப் பியானோகூடக் கேட்கவில்லை, எங்கட உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துவிடும், சுருதி சேர்க்க ஆள் தேட வேணும். பாரமான கட்டை உள்ள நல்ல டிஜிட்டல் பியானோ இரண்டு மூன்று போதும், ஒரு பொது நூலகத்தின் ஒரு அறையில். வலயத்துக்கு ஒரு சங்கீத ஆசிரியர், வாரத்தில் நாளுக்கொரு பாடசாலையாகப் போய் வர. கீழைத்தேயமோ கர்நாடகமோ மேலைத்தேயமோ, எதுவென்றாலும் சரி, முதல் ஸ்வரம் காதில் விழட்டும். பழைய மாணவர் சங்கங்கள் வருசா வருசம் கட்டுகிற கேட், வளைவு, பெயர்க்கல் இவற்றில் ஒன்றின் காசு இதற்குக் காணும். ஜனாதிபதி நிதியம் ஒரு காலத்தில் ஒரு இளைஞனுக்கு நியூயோர்க் வரை வழி திறந்தது. அதே வழியைக் கலைக்கென்று மாவட்டத்துக்கு ஒரு பிள்ளைக்குத் திறக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது, அது எங்கட காசும்தான். கேட்கப் போகிறோம். கடிதம் எழுதத் தொடங்கிவிட்டோம், கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் வாருங்கள். எதிர்க்கிறவர்களும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம், டீ நாங்கள் வாங்கித் தருகிறோம்.

பத்து வருசத்தில் எங்கட கரையிலிருந்து ஒரு ரொஹான் டி சில்வா வருவார் என்று சொல்ல நாங்கள் மடையர்கள் இல்லை. வராமலே போகலாம். ஆனால் வராமல் போனதற்குக் காரணம் நாங்களாக இருக்கக் கூடாது.

அதுவரைக்கும் உங்களால் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ வந்த ஒரு கீபோட் உங்கட வீட்டு அலுமாரிக்கு மேலேயும் தூசி பிடித்துக் கிடக்கும். இறக்குங்கள். புது பெட்டரி போடுங்கள். தங்கச்சியைக் கூப்பிடுங்கள்.